தாது உப்புக் கலவை: தொடர்ந்து கொடுத்துப் பார்த்ததில்

மாட்டுக்குத் தாது உப்புக் கலவையைத் தொடங்கியதும் பால் கூடும் என்று காத்திருக்காதீர்கள். முதலில் குறைவது மண்ணையும் சுவரையும் நக்கும் பழக்கம்தான், அதற்கும் சில வாரம் பிடிக்கும். குறையவில்லையென்றால் குடற்புழுவைக் கவனியுங்கள். பருவத்துக்கு வருவதில் மாற்றம் தெரிய இரண்டு மூன்று மாதமாவது ஆகும். பலர் அதற்குள் நிறுத்திவிடுகிறார்கள்.

கறவை மாட்டுக்கு நாளுக்கு 50 கிராம் பொதுவான அளவு. அடர்தீவனத்தை லேசாக ஈரப்படுத்தி, இரண்டு வேளையாகப் பிரித்துக் கலந்து வையுங்கள். உலர்ந்த தீவனத்தில் தூவினால் தூள் தொட்டியின் அடியிலேயே தங்கிவிடும். கைப்பிடிக் கணக்கு வேண்டாம். ஒருமுறை தராசில் நிறுத்து, அதற்கேற்ற கரண்டியை ஒதுக்கிவிடுங்கள். கூடுதலாகப் போடுவதும் தவறு. அதிலுள்ள செலினியம் போன்ற தாதுக்கள் அளவு மிஞ்சினால் நஞ்சு.

இதே நல்ல கலவை கெடுதல் செய்யும் காலம் ஒன்று உண்டு: ஈனுவதற்கு முந்தைய மூன்று வாரம். காரணம், அதிலுள்ள கால்சியம். ஒரு லிட்டர் சீம்பாலில் 2 கிராமுக்கு மேல் கால்சியம் போகிறது. மாட்டின் ரத்தத்தில் ஓடுவதோ மொத்தமே 3 கிராம் அளவு. மீதியை எலும்பிலிருந்தும் குடலிலிருந்தும் உடனே இழுத்தாக வேண்டும். அதுவரை தீவனத்தில் கால்சியம் தாராளமாகக் கிடைத்திருந்தால் அந்த ஏற்பாடு மந்தமாகிக் கிடக்கும், விழித்துக்கொள்ள ஓரிரு நாள் ஆகும். ரத்தத்தில் கால்சியம் குறைந்து மாடு தள்ளாடிப் படுத்துவிடும் பால் காய்ச்சல் வருவது அந்த இடைவெளியில்தான். பொட்டாசியம் மிகுந்த தீவனமும் இதே கேட்டைச் செய்யும். ஆகவே இந்த மூன்று வாரமும் கறவைக் கலவையை நிறுத்தி, மெக்னீசியம் போதுமான அளவுள்ள சினைமாட்டுக் கலவைக்கு மாறுங்கள். குதிரைமசாலையும், சாம்பல்சத்து (பொட்டாஷ்) உரம் அதிகம் போட்ட புல்லையும் குறைத்து வைக்கோலைக் கூட்டுங்கள்.

பால் காய்ச்சலைத் தடுக்க ஈனுவதற்கு முன் அமிலத்தன்மை தரும் உப்புகளைக் கொடுப்பவர்கள் சிறுநீரின் பி.எச். அளவைப் பார்க்காமல் கொடுக்கவே கூடாது. 6 முதல் 6.8 வரை இருந்தால் சரி. 7-க்கு மேல் என்றால் உப்பு வேலை செய்யவில்லை. 5.5-க்குக் கீழ் போனால் அளவு மிஞ்சிவிட்டது. இந்த உப்புகளின் கசப்பால் மாடு தீனியைக் குறைக்கும். ஈனும் நேரத்தில் தீனி குறைந்தால் உடல் கொழுப்பைக் கரைக்கத் தொடங்கி, அது கீட்டோசிஸில், அதாவது ரத்தத்தில் கீட்டோன்கள் மிகுந்து மாடு சோர்ந்துபோகும் நோயில் போய் முடியலாம். தீனி குறைவது தெரிந்த அன்றே உப்பின் அளவைக் குறையுங்கள்.

ஈன்ற பிறகு காது சில்லிட்டு, பின்னங்கால் தள்ளாடினால் காத்திருக்க வேண்டாம். நிற்கிற மாட்டுக்குக் கால்சியம் மாத்திரை கொடுக்கலாம். படுத்துவிட்ட மாட்டுக்கு வாயில் எதையும் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். அப்போது கால்நடை மருத்துவர் ரத்தக் குழாயில் மெதுவாக ஏற்ற வேண்டியதுதான். வேகமாக ஏற்றினால் இதயம் நின்றுவிடலாம். கறவைக் கலவையை ஈன்ற நாளிலிருந்தே மறுபடி தொடங்கலாம்.