செஸ் செய்திக்கு எதை நம்பலாம்: பேப்பரா, லைவா, பத்தியா?

2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். உலக சாம்பியன்ஷிப்பின் 14-ஆவது ஆட்டத்தில், 55-ஆவது நகர்த்தலில் அப்போதைய சாம்பியன், சீனாவின் டிங் லிரென், தன் யானையை எஃப்2 கட்டத்துக்குக் கொண்டுபோனார். குகேஷ் யானைகளை வெட்டி மாற்றி, அடுத்து மந்திரிகளையும் மாற்றிக்கொண்டார். மிஞ்சிய ராஜா, சிப்பாய் ஆட்டத்தில் டிங் பிழைக்க வழியில்லை.

லைவில் பார்த்தவர்களுக்கு எல்லாம் அந்த நொடியே தெரிந்துவிட்டது. யார் கை ஓங்கியிருக்கிறது என்று கணினி கணித்துத் திரை ஓரத்தில் காட்டும் எஞ்சின் பட்டை சட்டென்று குகேஷ் பக்கம் சரிந்தது. ஆனால் குகேஷுக்கே அது உடனே புலப்படவில்லை. வேறு நகர்த்தல் ஒன்றை ஆடப் போனதாகப் பின்னர் சொன்னார். உலக சாம்பியன் ஆகப்போகிறவருக்கு முன்பே சோபாவில் கிடக்கும் நமக்கு விடை தெரிகிறது! லைவின் பலமும் கோளாறும் இதுதான். "இதுகூடத் தெரியலையா?" என்று கமெண்ட் போடுகிறவர், பட்டையை மறைத்துவிட்டு அதே நிலையை ஐந்து நிமிடம் பார்க்கட்டும்.

பேப்பரின் தப்புகள் வேறு ரகம். ஆட்டத்தை அது தொடுவதே இல்லை, சறுக்குவதெல்லாம் பட்டங்களில். குகேஷ் "மிக இளம் உலக சாம்பியன்" என்பது பாதி உண்மை. பட்டம் இரண்டாகப் பிளந்திருந்த காலத்தில், 2002-இல், ஃபிடே (சர்வதேச செஸ் கூட்டமைப்பு) பட்டத்தை வென்ற உக்ரைனின் பொனமாரியோவுக்கும் வயது 18தான். சில மாதங்கள் இன்னும் இளையவர். எதிராக இன்னொரு பட்டம் இல்லாத, சர்ச்சையற்ற சாம்பியன்களில்தான் குகேஷ் மிக இளையவர். அந்த வரிசையில் முந்தைய சாதனை 1985-இல் 22 வயது காஸ்பரோவுடையது. தலைப்பில் இடம் போதாதபோது முதலில் கழற்றிவிடப்படுவது இந்த "சர்ச்சையற்ற" என்ற அடைமொழிதான்.

அடுத்த குழப்பம்: 2023-இல் அஜர்பைஜானின் பாகூவில் பிரக்ஞானந்தா இறுதிவரை போனது உலகக் கோப்பை; உலக சாம்பியன்ஷிப் அல்ல. கோப்பையை வென்றாலும் சாம்பியனோடு மோதப்போகிறவரைத் தேர்ந்தெடுக்கும் கேண்டிடேட்ஸ் போட்டிக்கு இடம் கிடைக்குமே தவிர, பட்டம் கிடைக்காது. அவரை அங்கே வென்ற கார்ல்சனும் அப்போது உலக சாம்பியன் இல்லை. அந்த ஏப்ரலிலேயே பட்டம் டிங்கிடம் போய்விட்டது. இன்னொன்று, எல்லாச் செய்தியிலும் "செக்மேட்" வேண்டுமாம். மேல்மட்ட ஆட்டங்களில் மேட் வரை பெரும்பாலும் யாரும் காத்திருப்பதில்லை. அதற்கு முன்பே தோல்வியை ஒப்புக்கொண்டு கை கொடுத்துவிடுகிறார்கள். (யானையா கோட்டையா, மந்திரியா பிஷப்பா என்ற சண்டைக்குள் நான் போகவில்லை.)

மூன்றாவது, ஆட்டக்காரரே எழுதும் பத்தி. லியோனார்ட் பார்டன் கார்டியனில் 1955-இல் எழுதத் தொடங்கினார். அவர் பிரிட்டன் பட்டத்தைப் பகிர்ந்துகொண்ட ஆட்டக்காரர். இப்படிப்பட்டவர் எழுதினால் ஒரு நகர்த்தல் ஏன் கடினம் என்பது புரியும். ஆனால் நகர்த்தல் குறியீட்டில் ஒரு எழுத்து அச்சுப்பிழையானால் போச்சு, வீட்டில் பலகை வைத்து ஆடிப்பார்ப்பவர் பாதியில் திணறுவார். இந்த வகை அருகிவருகிறது. நியூயார்க் டைம்ஸ் 2014-இலேயே தன் செஸ் பத்தியை நிறுத்திவிட்டது.

கிடைத்தால் என் ஓட்டு பத்திக்கு. கிடைக்காத நாளில் பேப்பர்தான், பட்டை அல்ல. ஆட்டம் முடிந்து கண்ணீரோடு காய்களைத் திரும்ப அடுக்கிவைத்த குகேஷைப் பட்டை காட்டாது.

பேப்பரில் படத்தையும் உற்றுப் பாருங்கள். பலகை நடுவில் இரண்டு ராஜாக்களும் ஒட்டி நிற்கும். கீழே "ஆட்டத்தில் மும்முரமாக" என்று போட்டிருக்கும். ஆட்டம் முடிந்து, நகர்த்தல்களைத் தானே பதிவுசெய்யும் மின்பலகைக்கு முடிவைச் சொல்ல வைத்த ராஜாக்கள் அவை. இரண்டும் வெள்ளைக் கட்டத்தில் நின்றால் வெள்ளைக்கு வெற்றி, கறுப்பில் நின்றால் கறுப்புக்கு, ஆளுக்கொரு நிறத்தில் நின்றால் டிரா.