ஷிமாட்சு எச்பிவி-எக்ஸ்2: வாங்கினால் ஜோடியாக வாங்குங்கள்

கண்ணாடித் தகட்டை அடித்து உடைத்து, விரிசல் ஓடும் நேரத்தில் தகடு எப்படி வளைகிறது என்று அளப்பது என் வேலை. தகட்டில் பெயிண்டால் புள்ளிகள் வைத்து, அவை படத்துக்குப் படம் எவ்வளவு நகர்கின்றன என்று பார்த்துத்தான் அளப்பேன். அதற்காக இரண்டு எச்பிவி-எக்ஸ்2 அதிவேகக் கேமராக்களைச் சேர்த்துப் பயன்படுத்திய அனுபவம் இது.

வேகத்தில் குறையே இல்லை. வினாடிக்கு 50 லட்சம் படங்கள், ஒவ்வொன்றும் 400க்கு 250 பிக்சல். கண்ணாடியில் விரிசல் வினாடிக்குச் சுமார் 1,500 மீட்டர் ஓடும், அதனால் வினாடிக்கு 20,000 படம் எடுக்கும் நல்ல கேமராவில்கூட ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே அது 75 மில்லிமீட்டர் போய்விடுகிறது, அதாவது முதல் படத்தில் முழுத் தகடு, அடுத்ததில் வெறும் துண்டுகள். இதில் 0.3 மில்லிமீட்டர்தான். விரிசலின் நுனியைப் பின்தொடர்ந்து பார்த்த முதல் நாள் எனக்குத் தூக்கமே வரவில்லை.

சரி, எதற்கு இரண்டு? தகடு கேமராவை நோக்கிப் புடைத்தால் ஒற்றைக் கேமராவுக்கு அது நீட்சி போலத்தான் தெரியும். ஒரு மீட்டர் தூரத்தில் இருக்கும் தகடு ஒரே ஒரு மில்லிமீட்டர் முன்னால் வந்தாலே 0.1 சதவீதம் பொய்த் திரிபு (நீளம் மாறும் விகிதம்) சேர்ந்துவிடுகிறது, கண்ணாடி உடைவதே கிட்டத்தட்ட அந்த அளவில்தான். கோணம் விட்டு வைத்த இரண்டாவது கேமரா இருந்தால் ஆழம் தனியாகப் பிரிந்துவிடும். பட்ஜெட் இடிக்கிறது என்று ஒன்றோடு நிறுத்தாதீர்கள்.

படங்கள் சென்சார் சில்லுக்குள்ளேயே சேமிக்கப்படுவதால்தான் இவ்வளவு வேகம். அதனாலேயே 128 படத்தோடு முடிந்துவிடுகிறது. முழு வேகத்தில் மொத்தமே 25.6 மைக்ரோவினாடி! ட்ரிகர், அதாவது படமெடுப்பைத் தொடங்கச் சொல்லும் சிக்னல், கொஞ்சம் பிசகினாலும் தகடு வீண். தகட்டின் மேல் மின்சாரம் கடத்தும் மெல்லிய வெள்ளிப் பெயிண்ட் கோடு இழுத்து, அது அறுபடும்போது சிக்னல் போகும்படி செய்த பிறகுதான் எனக்கு ஒழுங்காக அமைந்தது. அப்புறம் வெளிச்சம். வாடகைக்கு எடுத்த ஒரு ஃப்ளாஷ் தாமதமாக எரிந்ததில், நாள் முழுக்கப் புள்ளி வைத்துத் தயார்செய்த மூன்று தகடுகள் இருட்டிலேயே உடைந்துபோயின. ஃப்ளாஷ் முழு வெளிச்சத்துக்கு வர எடுக்கும் நேரத்தை முன்கூட்டியே அளந்து வையுங்கள்.

400 பிக்சல் குறைவுதான், அதனால் ஒவ்வொரு புள்ளியும் மூன்று முதல் ஐந்து பிக்சல் அகலம் வரும்படி வைக்க வேண்டும். பெயிண்டையும் அன்றைக்கே அடியுங்கள், நாள்பட்டுக் காய்ந்தது அடி விழுந்ததும் உதிர்கிறது.

கனமான எடையை மேலே விழவைத்து நசுக்குவது போல மில்லிவினாடிக் கணக்கில் நடக்கும் சோதனைகளுக்கு இது வேண்டாம், மெதுவான மெகாபிக்சல் கேமரா ஜோடியே போதும்.