டிபிடியா, எட்சியா? ஒரே ஒர்க்ஷீட்டுக்கு இரண்டு தேடல் பெட்டிகள்

மூன்றாம் வகுப்புப் பின்னக் கணக்குக்காக நான் போட்ட முதல் ஒர்க்ஷீட்டுக்கு ‘ஃபிராக்ஷன் ஃபியஸ்டா’ (பின்னத் திருவிழா) என்று பெயர் வைத்தேன். அட்டையில் தொப்பி போட்ட பீட்சாத் துண்டு ஒன்று மீசையோடு சிரிக்கும். வீட்டில் எல்லாருக்கும் பிடித்திருந்தது. கடை விரித்தேன், கொள்வாரில்லை. காரணம் புரிய ஒரு பருவமே ஆனது. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, மறுநாள் பாடத்துக்கு ஏதாவது கிடைக்காதா என்று தேடும் டீச்சர் யாரும் ‘ஃபியஸ்டா’ என்று தட்டுவதில்லை. ‘ஃபிராக்ஷன்ஸ் ஆன் எ நம்பர் லைன் தேர்ட் கிரேட்’ என்று தட்டுகிறார்.

அமெரிக்காவில் இப்படிப்பட்ட பாடப் பொருட்களை விற்பவர்கள் பெரும்பாலும் இரண்டு சந்தைகளுக்கு நடுவில் அல்லாடுகிறார்கள். ஒன்று டீச்சர்ஸ் பே டீச்சர்ஸ், சுருக்கமாக டிபிடி. நியூயார்க் அரசுப் பள்ளி ஆசிரியராக இருந்த பால் எடல்மன் 2006-ல் தொடங்கியது. 2023-ல் ஐஎக்ஸ்எல் லேர்னிங் நிறுவனத்தின் கைக்குப் போனது. இன்னொன்று எட்சி. 2005-ல் புரூக்ளினில் கைவினைப் பொருட்களுக்காகத் தொடங்கிய கடை. இன்று அங்கே வளையலும் மெழுகுவர்த்தியும் விற்கும் பக்கத்திலேயே பிடிஎஃப் ஃபைலும் விற்கிறது. “ஒன்றுக்காகச் செய்த லிஸ்டிங்கை (பொருளின் விற்பனைப் பக்கத்தை) அப்படியே இன்னொன்றில் ஒட்டிவிடலாம்தானே?” என்று புதிதாக வருகிற எல்லாரும் கேட்கிறார்கள். ஒட்டலாம். தேடலில் மேலே வராது, அவ்வளவுதான்.

தேடுகிறவர் யார்

டிபிடியில் தேடுபவர் பெரும்பாலும் வகுப்பறை ஆசிரியர். அவருக்கு வகுப்பு தெரியும், பாடம் தெரியும், எந்தத் திறன் என்பதும் தெரியும். அதனால் அவர் தட்டும் சொற்கள் குறுகலாக இருக்கும்: எந்த கிரேட், என்ன தலைப்பு, என்ன வடிவம். டாஸ்க் கார்டா (அட்டைக்கு ஒரு கணக்கு), எக்ஸிட் டிக்கெட்டா (வகுப்பு முடிவில் தரும் குட்டிக் கேள்வி), சென்டர் விளையாட்டா (சிறு குழுவாக ஆடுவது) என்பதுவரை சொல்லியே தேடுவார்.

எட்சியில் தேடுபவர் பெரும்பாலும் அம்மா. வீட்டிலேயே பிள்ளைக்குப் பாடம் சொல்லித் தருகிற ஹோம்ஸ்கூல் அம்மா, இரண்டு வயதுப் பிள்ளையை அரை மணி நேரம் உட்கார வைக்க வழி தேடுகிற அம்மா. கூடவே வகுப்பறைச் சுவரை அழகாக்க நினைக்கும் டீச்சர்களும் வருவார்கள். இவர்கள் ‘ஸ்டாண்டர்ட்’ (பாடத்திட்ட வரையறை) பற்றிக் கவலைப்படுவதில்லை. ‘பிஸி புக்’ (பிள்ளை ஒட்டிப் பிரித்து விளையாடும் புத்தகம்), ‘மான்டிசோரி’, ‘பிரின்டபிள்’ (அச்செடுத்துக்கொள்ளும் ஃபைல்), ‘போஹோ கிளாஸ்ரூம்’ (மண் நிற வகுப்பறை அலங்காரம்) என்று தட்டுவார்கள்.

இந்த ஒரு வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். பின்ன ஒர்க்ஷீட் டிபிடியின் சரக்கு. நிறம் பார்த்து வாங்கும் எழுத்து போஸ்டர் எட்சியின் சரக்கு. இரண்டு இடத்திலும் ஓடும் சரக்கு உண்டு, ஆனால் குறைவு.

எண்பது எழுத்தும் இருபது எழுத்தும்

டிபிடியில் தலைப்புக்கு 80 எழுத்துதான் இடம். இடைவெளியும் எண்ணிக்கையில் சேரும். அதில் பூ வேலைக்கு இடமில்லை. முதலில் திறன், அடுத்து வகுப்பு, அப்புறம் பாடம், கடைசியில் வடிவம் என்று நான் வைப்பேன். ‘ஃபிராக்ஷன்ஸ் ஆன் எ நம்பர் லைன், தேர்ட் கிரேட் மேத் ஒர்க்ஷீட்ஸ், டாஸ்க் கார்ட்ஸ்’ என்பதை ஆங்கிலத்தில் தட்டிப் பாருங்கள். 65 எழுத்தை ஒட்டி முடிந்துவிடும். மீதி இடத்தில் ‘நோ ப்ரெப்’ என்று சேர்க்கலாம். அச்செடுத்தால் போதும், வேறு தயாரிப்பு வேண்டாம் என்று பொருள். டீச்சர்கள் உண்மையிலேயே தேடுகிற சொல் அது. மீசை வைத்த பீட்சாவுக்கு வேண்டுமானால் உள்ளே இடம் கொடுங்கள்.

எட்சியில் தலைப்புக்கு 140 எழுத்து உண்டு. அத்தனையையும் காற்புள்ளி போட்டுப் போட்டு நிரப்புவதுதான் பல வருடமாக எல்லாரும் செய்த வித்தை. 2025-ல் எட்சியே, அந்த நீளமெல்லாம் வேண்டாம், 15 சொற்களுக்குள் தெளிவாக எழுதுங்கள் என்று விற்பனையாளர்களுக்குச் சொல்ல ஆரம்பித்தது. அங்கே சுமை தாங்குவது டேக், அதாவது பொருளோடு நாம் ஒட்டிவைக்கும் தேடல் சொல். ஒரு லிஸ்டிங்குக்கு 13 டேக், ஒவ்வொன்றும் 20 எழுத்துக்குள். ஒற்றைச் சொல்லாக ‘மேத்’ என்று போட்டு ஒரு டேக்கை வீணடிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். அந்தச் சொல்லுக்கு இருக்கிற கூட்டத்தில் புதுக்கடை எங்கே தெரியப்போகிறது? ‘ஹோம்ஸ்கூல் பிரின்டபிள்’ என்பது ஆங்கிலத்தில் இடைவெளியோடு சேர்த்துச் சரியாக 20 எழுத்து. ‘மான்டிசோரி பிரின்டபிள்’ அதேபோல். அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்காரும். பதின்மூன்றையும் இப்படி இரட்டைச் சொல், மூன்று சொல் தொடர்களாக நிரப்புங்கள். வகை, பண்பு என்று எட்சி கேட்கும் கட்டங்களும் தேடலில் டேக் மாதிரியே வேலை செய்வதால், அங்கே சொன்னதையே மறுபடி டேக்கில் சொல்லி இடத்தைக் கெடுக்க வேண்டாம்.

டிபிடியில் எட்சி மாதிரி நமக்கு வேண்டிய சொல்லை டேக்காகத் தட்ட முடியாது. கொடுத்திருக்கும் பட்டியலில் வகுப்பு, பாடம், பொருள் வகை என்று குறித்துக்கொண்டே போக வேண்டும். ஆசைப்பட்டு எல்லா வகுப்பையும் குறிப்பவர்கள் உண்டு. முதல் வகுப்பு டீச்சர் வடிகட்டித் தேடும்போது உங்கள் மூன்றாம் வகுப்புப் பின்னம் வந்து நின்றால் அவர் கிளிக் செய்யமாட்டார். காட்டியும் கிளிக் ஆகாத பொருளை எந்தத் தேடல் இயந்திரமும் வெகுநாள் மேலே வைத்திருக்காது.

டிபிடிக்கு மட்டுமே உரிய ஒரு சங்கதி, பாடத்திட்டச் சொல். எந்த வகுப்பில் எந்தத் திறன் என்று வரையறுத்து 2010-ல் வந்த காமன் கோர் திட்டத்தைப் பல மாநிலங்கள் எடுத்துக்கொண்டன. டெக்ஸஸ் எடுக்கவில்லை, அதற்கு டீக்ஸ் என்று தனித் திட்டம். வர்ஜீனியாவும் எடுக்கவில்லை; அங்கே எஸ்ஓஎல். டெக்ஸஸ் எவ்வளவு பெரிய மாநிலம்! அங்கிருந்து தேடும் டீச்சர் ‘டீக்ஸ்’ என்று சேர்த்துத் தேடுவது சகஜம். உங்கள் ஒர்க்ஷீட் நிஜமாகவே அந்தத் திட்டத்தோடு பொருந்தினால் (பொருந்தினால் மட்டும்) விளக்கத்தில் அதைக் குறிப்பிடுங்கள். போட்டி குறைவான வாசல் இது. எட்சியில் இதே சொல்லைப் போட்டால் காற்றில் பேசின கதைதான்.

கிளிக்குக்குப் பிறகு

தலைப்பும் டேக்கும் உங்களைத் தேடல் முடிவுக்குள் கொண்டுவந்து விடும். அங்கே பத்தாவது பக்கமா, முதல் பக்கமா என்பது வேறு கணக்கு. டிபிடி தன் சூத்திரத்தை வெளியே சொல்வதில்லை. எட்சி தன் விற்பனையாளர் கையேட்டில் ஓரளவு வெளிப்படையாகப் பேசுகிறது: பார்த்தவர்கள் கிளிக் செய்தார்களா, விருப்பப் பட்டியலில் வைத்தார்களா, வாங்கினார்களா என்பதை வைத்து ஒரு தரக் கணக்கு, விமர்சனங்களை வைத்துக் கடைக்கு ஒரு கணக்கு, புது லிஸ்டிங்குக்குக் கொஞ்ச நாள் மட்டும் ஒரு சின்னத் தள்ளு. அதோடு, ஆளுக்கு ஆள் முடிவுகள் மாறும். அதனால் உங்கள் கம்ப்யூட்டரில் உங்கள் பொருளையே தேடிப் பார்த்து, முதலிடம் என்று துள்ளிக் குதிக்க வேண்டாம்.

புதுக்கடைக்கு டிபிடியைவிட எட்சி கொஞ்சம் கருணையானது என்பது என் எண்ணம். அந்தச் சின்னத் தள்ளு பத்துப் பேர் கண்ணிலாவது படவைக்கும். டிபிடியில் வருடக்கணக்காக விற்று ஆயிரக்கணக்கான விமர்சனம் சேர்த்த பழைய கடைகள் பரந்த சொற்கள் எல்லாவற்றிலும் பட்டா போட்டு உட்கார்ந்திருக்கின்றன. ‘ஃபிராக்ஷன்ஸ்’ என்ற ஒற்றைச் சொல்லில் அவர்களோடு மோதுவது வீண்வேலை. ‘ஒன்றைவிடப் பெரிய பின்னங்கள், எண்கோட்டில், மூன்றாம் வகுப்பு’ என்ற சந்துக்குள் போனால் ஆள் குறைவு. வருகிற ஆளும் வாங்க வந்தவர். அந்தச் சந்தில் நாலு விற்பனை நடந்தபிறகுதான் பெரிய தெருவைப் பற்றி யோசிக்க வேண்டும்.

ஆனால் விமர்சனம் சேர்ப்பதில் டிபிடிக்கு ஒரு சௌகரியம் உண்டு. வாங்கியவர் கருத்து எழுதினால் அவருக்கு கிரெடிட் கிடைக்கும், 20 கிரெடிட் சேர்ந்தால் அடுத்த வாங்கலில் ஒரு டாலர் கழியும். டீச்சர்கள் இதை உட்கார்ந்து எழுதிச் சேர்ப்பார்கள். எட்சியில் அப்படி ஒரு தூண்டில் கிடையாது. ஃபைலின் கடைசிப் பக்கத்தில் இரண்டு வரி நன்றி எழுதிக் கேட்டால்தான் உண்டு.

படத்திலும் இரண்டும் வேறு. டிபிடியில் அட்டைப் படம் போனில் தபால்தலை அளவில் தெரியும். அதில் திறனும் வகுப்பும் படிக்க முடிகிறதா என்பதே முக்கியம். அப்புறம் ப்ரீவியூ, அதாவது வாங்கும் முன் காட்டும் மாதிரிப் பக்கங்கள், டீச்சர் அதைத் திறந்து பக்கம் பக்கமாகப் பார்ப்பார். வாட்டர்மார்க் போட்டு எல்லாப் பக்கத்தையும் சின்னதாகக் காட்டுவதில் கஞ்சத்தனம் வேண்டாம். எட்சியில் படங்கள்தான் ப்ரீவியூ. அங்கே வெறும் பக்கத்தைக் காட்டினால் எடுபடாது. மரமேசையில், பக்கத்தில் ஒரு க்ரேயான் டப்பாவோடு, அச்செடுத்த தாள் கிடக்க வேண்டும். இது எனக்குப் பிடிக்காத வேலை, ஆனாலும் செய்கிறேன்.

இரண்டு தளத்திலும் எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை பேர் வாங்கினார்கள் என்று பார்க்கும் வசதி உண்டு. எட்சி, எந்தச் சொல்லைத் தட்டி வந்தார்கள் என்பதையும் காட்டும். டேக் மாற்றுவதற்கு அதைவிட நல்ல வழிகாட்டி வேறில்லை. பார்த்தவரே இல்லை என்றால் கோளாறு தலைப்பில். பார்த்தும் வாங்கவில்லை என்றால் அட்டை, ப்ரீவியூ, விலை. இரண்டையும் ஒரே நாளில் மாற்றினால் எது பலித்தது என்று தெரியாது. ஏற்கெனவே நன்றாக ஓடுகிற பொருளின் தலைப்பைத் தொடவே தொடாதீர்கள். பழைய பொருளில் குறை இருந்தால், அதை நீக்கிவிட்டுப் புதிதாக ஏற்றாமல், ஃபைலை மட்டும் அதே லிஸ்டிங்கில் மாற்றுங்கள். சேர்ந்த விமர்சனமும் விற்பனை வரலாறும் அதே இடத்தில் இருக்கும்.

நாட்காட்டி

டிபிடியில் தேடல் பள்ளி நாட்காட்டியோடு ஏறி இறங்கும். தென் மாநிலங்களில் ஆகஸ்ட் ஆரம்பத்திலேயே பள்ளி திறக்கும், நியூயார்க்கில் செப்டம்பர். பிப்ரவரியில் பள்ளியின் நூறாவது நாள் கொண்டாட்டம். வசந்தத்தில் மாநிலத் தேர்வு. அந்தந்த வாரத்தில் ஏற்றினால் தாமதம். ரேங்க் பிடிக்க அவகாசம் வேண்டும். நூறாவது நாள் பொருளை நான் நவம்பரிலேயே ஏற்றிவிடுவேன். எட்சியில் பள்ளி நாட்காட்டியைவிடப் பண்டிகை நாட்காட்டிதான் பெரிசு.

பிரிட்டனில் விற்க நினைப்பவர்களுக்கு டெஸ் என்று தனித் தளம் இருக்கிறது. அங்கே போகும்போது மொழியையே மாற்ற வேண்டும். ‘மேத்’ இல்லை, ‘மேத்ஸ்’. அமெரிக்காவின் மூன்றாம் கிரேட் இங்கிலாந்தில் நான்காம் இயர். அந்த வகுப்புப் பிள்ளைகளுக்கு ஜூனில் வாய்ப்பாட்டுத் தேர்வு ஒன்று 2022 முதல் கட்டாயம். மார்ச்சிலிருந்தே அதைத் தேடுவார்கள். பிளாக் ஹிஸ்டரி மாதம் அமெரிக்காவில் பிப்ரவரி, பிரிட்டனில் அக்டோபர். ஒரே பொருளை இரண்டு நாட்டுக்கும் ஒரே தலைப்பில் போடுவது இரண்டு பஸ்ஸையும் தவறவிடுவதற்குச் சமம்.

கையில் நிற்கும் காசு

ரேங்க் பற்றிப் பேசும்போது கட்டணம் எதற்கு என்று தோன்றலாம். விலையைக் குறைத்தால் ரேங்க் ஏறும் என்று நினைத்து ஒரு டாலருக்குப் போடுகிறவர்கள் இருப்பதால்தான். டிபிடியில் சாதாரணக் கணக்குக்கு விலையில் 55 சதவீதம் கிடைக்கும் (அதிலும் பொருளுக்கு ஒரு சின்னக் கட்டணம் கழியும்), வருடம் 59.95 டாலர் கட்டினால் 80 சதவீதம். எட்சியில் ஒரு லிஸ்டிங்குக்கு நாலு மாதத்துக்கு 20 சென்ட், விற்றால் 6.5 சதவீதம், அதன்மேல் பணப் பட்டுவாடாக் கட்டணம் அமெரிக்காவில் 3 சதவீதமும் 25 சென்டும். போட்டுப் பார்த்தால், மூன்று டாலர் பொருளுக்கு டிபிடியில் வருடக் கட்டணம் கட்டிய கணக்கில் 2.40, எட்சியில் ஏறக்குறைய 2.26. பத்து டாலர் பண்டிலுக்கு (பல ஒர்க்ஷீட் சேர்ந்த கட்டு) டிபிடியில் 8, எட்சியில் 8.60 பக்கம். ஒரு டாலர் பொருளில் எட்சி பாதியைத் தின்றுவிடும். எட்சி வெளியே போடும் விளம்பரம் வழியாக ஆள் வந்தால் இன்னும் 15 சதவீதம் போகும். வருடத்துக்குப் பத்தாயிரம் டாலருக்குக் கீழே விற்பவர்கள் அதை அணைத்து வைக்கலாம். நான் அணைத்து வைத்திருக்கிறேன்.

சின்னச் சின்ன ஒர்க்ஷீட் டிபிடியில், பெரிய பண்டில் எட்சியில் என்று நான் பிரித்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

தமிழ்ப் பாடப் பொருள் செய்கிறவர்களும் கேட்கிறார்கள். அமெரிக்கப் பள்ளிகளில் தமிழ் டீச்சர்கள் அபூர்வம், அதனால் டிபிடி தேடலில் கூட்டம் வராது. உயிரெழுத்து போஸ்டரைத் தேடுவது வெளிநாட்டில் பிள்ளை வளர்க்கும் அம்மா அப்பா. அவர்கள் எட்சியில் இருப்பார்கள். ‘தமிழ் ஆல்ஃபபெட்’ என்று ஒரு டேக், ‘தமிழ் லெட்டர்ஸ்’ என்று ஒன்று, ‘உயிர் எழுத்து’ என்பதை ஆங்கில எழுத்தில் ஒன்று.

என் பீட்சா ஒர்க்ஷீட் இன்னும் டிபிடியில் இருக்கிறது. பெயர் மாறிவிட்டது, விற்கிறது. மீசை இப்போது நாலாம் பக்கத்தின் மூலையில்.