வெளிமானா, கூழைக்கடாவா: சென்னையில் எதன் பாடு திண்டாட்டம்?

எந்த உயிரினம் எவ்வளவு ஆபத்தில் இருக்கிறது என்று உலக அளவில் வகைப்படுத்தும் ஐ.யு.சி.என். செம்பட்டியலைப் பார்த்தால், வெளிமானுக்கு (திருகுகொம்பு மான், Blackbuck) கவலையே இல்லை. 'அச்சுறு நிலையை அண்மித்த' (Near Threatened) இனமாக இருந்தது, 2017-ல் 'தீவாய்ப்பு கவலை குறைந்த' (Least Concern) இனமாகிவிட்டது. மீன் தின்னும் பெரிய நீர்ப்பறவையான கூழைக்கடா (Pelican) இன்னும் அந்தப் பழைய வகையிலேயே நிற்கிறது. சென்னைக்குள் வந்தால் கணக்கு தலைகீழ்.

கூழைக்கடாவுக்கு மதில் கிடையாது. பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில் மீன் குறைந்தால் அடுத்த ஏரிக்குப் போய்விடும். அதற்கு இடறுவது கூடு கட்டும் காலம்தான். வேடந்தாங்கல் போல நீர் சூழ்ந்த மரங்களில் கூட்டமாகக் கட்டும். மூன்று, நான்கு முட்டை. அடைகாக்க ஒரு மாதம். பிறகு குஞ்சு கூட்டை ஒட்டியே மூன்று முதல் ஐந்து மாதம். அதுவரை ஏரியில் தண்ணீர் நிற்க வேண்டும். நடுவில் வற்றினால் மீனும் போகும், நாய் மரத்தடி வரை வரும். தாய்ப்பறவை கூட்டைக் கைவிட்டுவிடும். வேடந்தாங்கல் ஊர்க்காரர்கள் தலைமுறைகளாகக் காவல் நிற்பதில் லாபமும் உண்டு: எச்சம் கரைந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம்.

சென்னையில் வெளிமானுக்கு அப்படிக் கூட்டாளி யாருமில்லை. 1972 வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது உச்சப் பாதுகாப்பில், இருக்கிறது, சரி. ஆனால் செம்பட்டியல் ராஜஸ்தான், குஜராத் மந்தைகளையும் சேர்த்துப் போட்ட கணக்கு. கிண்டி தேசியப் பூங்கா சுமார் 270 ஹெக்டேர்தான், சுற்றிலும் நகரம். பேருக்கேற்ப அதற்கு வெளி வேண்டும்: குட்டைப் புல், தூரத்தில் வருவது தெரியும் பார்வை, ஓட இடம். கிண்டியில் அது முக்கியமாக போலோ கிரவுண்ட் என்ற திறந்த புல்வெளிப் பக்கம்தான். மீதி பெரும்பாலும் புதர்க்காடு. வெற்றிடம் கண்டால் மரம் நட ஓடிவருபவர்கள் இங்கே மானுக்கு உதவுவதில்லை.

பாலித்தீன் இன்னொரு எமன். அசைபோடும் விலங்கின் முதல் இரைப்பையில் அது தங்கிவிடும். வயிறு நிறைந்தபடியே மான் பட்டினியில் சாகும்.

புள்ளிமானைப் படமெடுத்து வெளிமான் என்று போடுபவர்கள் கொம்பைப் பார்க்கலாம். புள்ளிமான் கொம்பு கிளைவிடும், உதிர்ந்து முளைக்கும். வெளிமான் கடாவின் கொம்பு வளையம் வளையமாகத் திருகியிருக்கும்; கிளையும் இல்லை, உதிரவும் உதிராது. வெளிமான் கண்ணில் படாவிட்டால் புல்வெளியில் புழுக்கைக் குவியலைத் தேடுங்கள்: கடா ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் போட்டு எல்லை குறிக்கும்.

அந்தப் புல்வெளியில் சீமைக்கருவேலம் தலைகாட்டினால் கன்றாக இருக்கும்போதே, மண் ஈரத்தில், வேரோடு பிடுங்க வேண்டும். வெட்டிவிட்டால் அடிக்கட்டையிலிருந்து நாலு கிளையாகத் துளிர்க்கும்.