காருக்குக் கார்னோபா மெழுகா, செராமிக் கோட்டிங்கா?

கார்னோபா பிரேசிலின் ஒரு பனை வகை இலையிலிருந்து எடுக்கும் மெழுகு. கழுவித் துடைத்த பெயின்டில் மெலிதாகத் தேய்த்து, வெளிறியதும் மைக்ரோஃபைபர் துணியால் துடைத்தால் போதும். கறுப்பு, கருநீலக் கார்களில் அது தரும் மினுமினுப்பு தனி அழகு. ஆனால் வெயிலும் சோப்பும் பட்டுச் சில வாரங்களில், மிஞ்சினால் இரண்டு மூன்று மாதங்களில் போய்விடும்.

செராமிக் கோட்டிங் சிலிக்கா சார்ந்த திரவம். பெயின்டின் மேல் இருக்கும் நிறமற்ற பூச்சான கிளியர்கோட்டோடு பிணைந்து இறுகி ஆண்டுக்கணக்கில் நிற்கும், சேறும் லேசில் ஒட்டாது. வேலைதான் அதிகம். முதலில் பாலிஷ் போட்டே ஆக வேண்டும். இல்லையென்றால் டார்ச்சைச் சாய்த்துப் பிடிக்கும்போது சிலந்தி வலை போலத் தெரியும் கீறல்கள் அப்படியே உள்ளே தங்கிவிடும். பூசியதைத் துடைக்கத் தாமதித்தால் திட்டுத் திட்டாக இறுகிவிடும், அப்புறம் மறுபடியும் பாலிஷ்தான். கல் தெறிப்பதை இது தடுக்காது. தடுக்கும் என்று சொல்லி விற்பவர்களை நம்பாதீர்கள்.

தினமும் வெயிலில் நிற்கும் காருக்கு என் ஓட்டு செராமிக்குக்கே.

படகு விஷயம் வேறு. ஃபைபர்கிளாஸ் படகின் வெளிப்பூச்சான ஜெல்கோட் வெயிலில் வெளுத்துப்போனால், விரலால் தடவும்போது சுண்ணாம்பு மாதிரி பொடி ஒட்டும். காம்பவுண்ட் (தேய்த்தெடுக்கும் பசை) போட்டு அதை எடுக்காமல் எதைப் பூசினாலும் வீண். எடுத்த பிறகு, ஆண்டுதோறும் கரையேற்றும் படகுக்கு நல்ல மெழுகே போதும்.