லைசென்ஸ் வண்டிக்கா, ஓட்டுநருக்கா? விண்டோஸ் 10-ஐ விட்டு நகரும் வழிகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் வட்டாரத்தில் கோயில் அலுவலகங்களிலும் வாரக் கடைசித் தமிழ்ப் பள்ளிகளிலும் ஓடுகிற கணினிகளில் பல, ஏதாவது ஒரு பெரிய கம்பெனி கழித்துவிட்டவை. வங்கியோ காப்பீட்டு நிறுவனமோ சில வருடம் ஓட்டிவிட்டு மொத்தமாகத் தள்ளிவிடும். புதுப்பித்து விற்பவர்கள் வாங்கித் துடைத்து நம் கையில் கொடுப்பார்கள். காவடி ரசீது, ஐஸ்டெட்ஃபோட் கலைப் போட்டிக்கான பெயர்ப் பட்டியல், பிள்ளைகளின் தேர்வுத்தாள் என எல்லாம் அதில்தான். 2025 அக்டோபர் 14-ஆம் தேதி விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டுகளை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. அன்றிலிருந்து சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் கமிட்டிக்காரர்கள் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: எது மலிவு?

மலிவைப் பிறகு பார்க்கலாம். வாங்கப்போகிற உரிமம் எதோடு ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதை முதலில் பார்த்தால், பாதி வழிகள் தாமாகவே அடைபட்டுவிடும்.

விண்டோஸ் உரிமம் பொதுவாக மூன்று விதம். கணினியோடு கம்பெனியிலிருந்தே வருவது ஓஇஎம். கடையிலோ மைக்ரோசாஃப்ட்டின் தளத்திலோ தனியாக வாங்குவது ரீடெயில். நிறுவனங்கள் ஒப்பந்தம் போட்டு மொத்தமாக எடுப்பது வால்யூம். ஓஇஎம் என்பது கார்க் கண்ணாடியில் ஒட்டுகிற லைசென்ஸ் டிஸ்க் மாதிரி, அந்த வண்டிக்கு மட்டும்தான். ரீடெயில் ஓட்டுநர் உரிமம் மாதிரி, ஆள் எந்த வண்டிக்கு மாறினாலும் கூடவே போகும், ஒரு நேரத்தில் ஒரு வண்டி என்ற கணக்கோடு. ஓஇஎம் கணினியின் மதர்போர்டு எரிந்து வேறொன்று மாட்டினால் உரிமம் அத்தோடு போயிற்று. உத்தரவாதக் காலத்தில் தயாரிப்பாளரே மாற்றிக் கொடுத்தால் மட்டும் விதிவிலக்கு. ரீடெயில் ஆனால் புதுக் கணினிக்கு எடுத்துப் போகலாம். அமெரிக்க விலைப்படி விண்டோஸ் 11-இன் ஹோம் பதிப்பு 139 டாலர், புரோ பதிப்பு 199.99 டாலர். இந்த விலையில் ஒரு பகுதி அந்த இடமாற்ற உரிமைக்குத்தான்.

உங்கள் கணினியில் எது இருக்கிறது என்று தெரிந்துகொள்ள யாரையும் கூப்பிட வேண்டாம். கட்டளைச் சாளரத்தைத் திறந்து எஸ்எல்எம்ஜிஆர் என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு, சாய்கோட்டோடு டிஎல்ஐ என்று அடியுங்கள் (slmgr /dli). சின்னப் பெட்டி ஒன்று வரும். அதில் ஓஇஎம், ரீடெயில், வால்யூம் ஆகியவற்றில் ஒன்று இருக்கும். ஆங்கிலத்தில் நுணுக்கி எழுதியிருப்பான், கண்ணாடியைப் போட்டுக்கொள்ளுங்கள்.

கம்பெனிக் கணினிகளில் அடிக்கடி வருவது வால்யூம். வந்தால் திடுக்கிட வேண்டாம், ஆனால் அப்படியே விட்டுவிடவும் கூடாது. விஷயம் இதுதான்: பழைய உரிமையாளரான கம்பெனி, கணினியோடு வந்த புரோவின் மேல் தன் ஒப்பந்தத்தில் எடுத்த எண்டர்பிரைஸ் என்ற நிறுவனப் பதிப்பை ஏற்றியிருக்கும். விண்டோஸுக்கான வால்யூம் உரிமம் அடியில் ஏற்கெனவே ஓர் உரிமம் இருந்தால்தான் செல்லும், வெறும் மேம்படுத்தல் உரிமம் அது. கணினியை விற்றபோது எண்டர்பிரைஸ் அந்தக் கம்பெனியோடேயே நின்றுவிட்டது. அடியில் இருந்த புரோ மட்டும் கணினியோடு உங்களிடம் வந்திருக்கிறது. விண்டோஸ் 8 காலத்துக்குப் பிறகு வந்த பிராண்டு கணினிகளில் அந்தப் புரோவின் கீ, அதாவது ஆக்டிவேட் செய்யும் குறியீடு, மதர்போர்டின் ஃபர்ம்வேரிலேயே (உள்ளே பதித்த நிரலிலேயே) இருக்கும். சுத்தமாக அழித்து விண்டோஸ் புரோவை நிறுவினால் அது தானாகக் கீயை எடுத்து ஆக்டிவேட் ஆகிவிடும். ஒரு காசு செலவில்லை. இதைச் செய்யாமல் பழைய எண்டர்பிரைஸையே ஓட்டினால், ஆறு மாதத்தில் 'ஆக்டிவேட் செய்யவும்' என்று திரையில் வந்து நிற்கும். கம்பெனி சர்வரோடு பேசிப் புதுப்பிக்கிற வகை வால்யூம் ஆக்டிவேஷனுக்கு ஆயுள் 180 நாள்தான். அந்த எரிச்சலில்தான் பலர் இரண்டாவதாக ஒரு கீயை வாங்கித் தொலைக்கிறார்கள், தங்களிடம் ஏற்கெனவே நல்ல உரிமம் ஒன்று இருப்பது தெரியாமல்.

இனி வழிகளுக்கு வருவோம்.

கணினி தகுதியுள்ளதாக இருந்தால் விண்டோஸ் 11-க்கு இலவசமாக ஏறுவதை வெல்ல வேறு வழியில்லை. இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை, ஏஎம்டி ரைசன் என்றால் பெரும்பாலும் 2000 வரிசையிலிருந்து. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், நம்பகமான மென்பொருளை மட்டும் தொடங்கவிடும் செக்யூர் பூட் வேண்டும், 4 ஜிபி ராம், 64 ஜிபி இடம். ஹோம் இருந்தால் ஹோமாகவும் புரோ இருந்தால் புரோவாகவும் ஏறும். உரிமத்தின் குணம் மாறாது. ஓஇஎம் 10 ஏறினால் ஓஇஎம் 11. 'பழைய 10-இன் கீ மிச்சம் இருக்குமே, பக்கத்துக் கணினிக்குப் போடலாமா?' என்று ஒரு கணக்குப் பிள்ளை மூளை வேலை செய்யும். கூடாது. ஏறியது அதே உரிமம்தான், குட்டி போடாது. இன்னொன்று, விண்டோஸ் 7, 8 கீயைப் போட்டு மேலே ஏறும் பழைய சந்து 2023 செப்டம்பரில் அடைக்கப்பட்டுவிட்டது. அந்தக் காலத்து ஸ்டிக்கரைச் சுரண்டிப் படித்துக்கொண்டிருக்க வேண்டாம்.

தகுதியில்லாத கணினியில் சோதனையைத் தாண்டி விண்டோஸ் 11-ஐ நிறுவும் வித்தைகளும் உண்டு. உரிமத்தைப் பொறுத்தவரை அது திருட்டில்லை, உங்கள் பழைய உரிமமே ஆக்டிவேட் செய்யும். ஆனால் அப்படிப்பட்ட கணினிக்கு அப்டேட் பெறும் உரிமை கிடையாது என்று மைக்ரோசாஃப்ட் எழுதியே வைத்திருக்கிறது. இன்று வரும், நாளை வராமலும் போகலாம். விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பிலிருந்து மிகப் பழைய செயலிகளில் அது பூட் ஆவதே இல்லை. வீட்டில் விளையாடிப் பார்க்க நல்ல வித்தை. நன்கொடைக் கணக்கு இருக்கிற கணினிக்கு வேண்டாம்.

அடுத்தது, விண்டோஸ் 10-லேயே இருந்துகொண்டு நீட்டிக்கப்பட்ட பாதுகாப்பு அப்டேட் வாங்குவது. வீட்டுக் கணினிகளுக்கான திட்டத்தில் 30 டாலர் ஒரு தடவை கட்டலாம், அல்லது மைக்ரோசாஃப்ட் ரிவார்ட்ஸ் 1000 புள்ளி கொடுக்கலாம், அல்லது அமைப்புகளை மைக்ரோசாஃப்ட் கணக்கில் பேக்கப் எடுத்துக் காசே இல்லாமல் சேரலாம். ஐரோப்பியப் பொருளாதார மண்டலத்துக்குத் தனிச் சலுகை, நமக்கு அது இல்லை. காலம் 2026 அக்டோபர் 13 வரை. ஒரு கணக்கில் பத்துக் கணினி வரை சேர்க்கலாம் என்பதுதான் இதில் இனிப்பு. மூன்று நான்கு கணினி உள்ள குடும்பத்துக்கு இதைவிட மலிவு எதுவுமில்லை. டொமைனில், அதாவது அலுவலக நெட்வொர்க் நிர்வாகத்தில், இணைத்த கணினிக்கும், நிறுவனம் தொலைவிலிருந்து நிர்வகிக்கும் கணினிக்கும் இது கிடைக்காது. அவற்றுக்கான வணிக விலை ஒரு கணினிக்கு முதல் வருடம் 61 டாலர், வருடத்துக்கு வருடம் இரட்டிப்பு, மூன்று வருடம் வரை. மைக்ரோசாஃப்ட்டின் கல்வி உரிமத்துக்குத் தகுதியான பள்ளிகளுக்கு மட்டும் 1 டாலர், 2 டாலர், 4 டாலர் என்று ஏறும். கோயில் மண்டபத்தில் சனிக்கிழமை நடக்கிற தமிழ் வகுப்பைப் 'பள்ளி' என்று நாம் சொல்கிறோம் என்பதற்காக அந்தத் தகுதி வந்துவிடாது, பதிவுத் தாள்கள் வேண்டும். எப்படிப் பார்த்தாலும் இது மூச்சு வாங்கிக்கொள்ளும் இடம், குடியிருக்கும் வீடு இல்லை.

மலிவுக் கீக்கு வருவோம். இதுதான் நம் வட்டாரத்தில் அதிகம் பேசப்படுவது. "அண்ணா, சில நூறு ராண்டுக்கு ஒரிஜினல் புரோ கீ கிடைக்குது, எதுக்கு யோசிக்கிறீங்க?" என்று தொண்டு செய்யும் தம்பிமார் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். கீ வேலையும் செய்யும், அங்கேதான் சிக்கல். ஆக்டிவேட் ஆவதும் உரிமம் இருப்பதும் ஒன்று இல்லை. அந்த விலையில் வருபவை பெரும்பாலும் எங்கோ ஒரு கம்பெனியின் வால்யூம் கீ, மென்பொருள் எழுதுபவர்கள் சோதனைக்கென்று வாங்கிய சந்தாவின் கீ, அல்லது உடைத்துப் போட்ட கணினியிலிருந்து பிரித்தெடுத்த ஓஇஎம். மூன்றையும் மூன்றாவது ஆளுக்கு விற்க ஒப்பந்தம் இடம் தராது. பல தடவை பயன்படுத்தக்கூடிய வால்யூம் கீ ஊரெல்லாம் சுற்றுகிறது என்று தெரிந்ததும் மைக்ரோசாஃப்ட் அதை முடக்கிவிடும். அப்போது விற்றவனின் கடை இணையத்தில் இருக்காது.

இவற்றை விற்பவர்கள் ஓர் ஐரோப்பியத் தீர்ப்பைக் காட்டுவார்கள். ஆரக்கிளுக்கும் யூஸ்டுசாஃப்டுக்கும் நடந்த வழக்கில் 2012-ல் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம், நிரந்தரமாக வாங்கிய மென்பொருள் உரிமத்தை மறுவிற்பனை செய்யலாம் என்றது உண்மைதான். ஆனால் அது ஐரோப்பிய ஒன்றியத்துச் சட்டத்தைப் பற்றியது. அங்கேயும் விற்பவர் தன் பிரதியைப் பயன்படாதபடி ஆக்க வேண்டும், மொத்தமாக வாங்கியதைத் துண்டு போட்டு விற்கக் கூடாது என்று அதே தீர்ப்பு சொல்கிறது. தென்னாப்பிரிக்காவில் நம்மை ஆள்வது 1978-ஆம் வருடத்துப் பதிப்புரிமைச் சட்டம். தெரிந்தே மீறல் பிரதியை வணிகம் செய்பவருக்கு முதல் குற்றத்துக்கு, ஒவ்வொரு பொருளுக்கும் 5000 ராண்டு வரை அபராதம் அல்லது மூன்று வருடம் வரை சிறை, இரண்டும் சேர்ந்தும் வரலாம். இந்தத் தண்டனை முக்கியமாக விற்பவரை நோக்கியது. வாங்கிய கமிட்டிக்குப் போலீஸ் வரும் என்று பயமுறுத்த எனக்கு விருப்பமில்லை. கணக்குத் தணிக்கையில் 'இதற்கு விலைச்சீட்டு எங்கே?' என்று ஓர் ஐயா கேட்டால் காட்ட எதுவும் இருக்காது, அதுவே போதுமான தலைவலி.

இதே குடும்பத்துப் பெரிய அண்ணன் ஒருவன் உண்டு: விண்டோஸ் 10 எல்டிஎஸ்சி, நீண்ட காலம் அப்டேட் வரும் நிறுவனப் பதிப்பு. அதில் தனிக் கருவிகளுக்கான ஐஓடி வகைக்கு 2032 ஜனவரி வரை அப்டேட் வரும் என்பது உண்மை. கேட்க ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் அதைத் தனி ஆள் கடையில் வாங்க முடியாது, வால்யூம் ஒப்பந்தத்திலோ கருவி தயாரிப்பாளர் வழியாகவோதான் வரும். தம்பிமார் இறக்கித் தருகிற எல்டிஎஸ்சி-க்குப் பின்னால் பெரும்பாலும் போலி ஆக்டிவேட்டர் ஒன்று ஒளிந்திருக்கும். அந்த நிரலை ஓட்ட வைரஸ் தடுப்பானை நிறுத்தச் சொல்வார்கள். உறுப்பினர்களின் ஐடி எண்ணும் தொலைபேசி எண்ணும் வைத்திருக்கிற கணினியில் அதைச் செய்துவிட்டு, நாளை ஏதாவது கசிந்தால் தனிநபர் தகவலைக் காக்கும் போப்பியா சட்டத்தின் 19-ஆம் பிரிவு கேட்கிற 'தகுந்த, நியாயமான பாதுகாப்பு ஏற்பாடு' இருந்தது என்று எந்த வாயால் சொல்வது?

மிச்சம் லினக்ஸ், விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளம். அதன் வகைகளில் ஒன்றான உபுண்டுவைத் தொடங்கிய மார்க் ஷட்டில்வொர்த் தென்னாப்பிரிக்காவின் வெல்காமில் பிறந்தவர், நம் நாட்டுக்காரர். 2004 அக்டோபரில் முதல் பதிப்பு வந்தது. கேட்டவருக்கெல்லாம் சிடியைத் தபாலில் இலவசமாக அனுப்பிய காலம் 2011 வரை இருந்தது. 2007-ல் நம் அமைச்சரவை கட்டற்ற மென்பொருள் கொள்கைக்கு ஒப்புதலும் கொடுத்தது. அதற்குப் பிறகும் அரசு அலுவலகத்துக்குப் போனால் திரையில் விண்டோஸ்தான் என்பது வேறு கதை. கீ கிடையாது, எத்தனை கணினியிலும் போடலாம், பிரதி எடுத்துப் பக்கத்துக் கோயிலுக்கும் கொடுக்கலாம், அதைத்தான் உரிமமே சொல்கிறது. உபுண்டு 24.04-க்கு 2029 வரை அப்டேட். ஐந்து கணினி வரை இலவசமான உபுண்டு புரோவில் பதிவு செய்தால் மொத்தம் பத்து வருடம். இன்னொரு வகையான லினக்ஸ் மின்ட் 22 பழைய கணினிக்கு இலகுவாக இருக்கும். இறக்கும் கோப்பும் சிறியது, டேட்டா விலைக்கு அதுவும் ஒரு கணக்கு.

தடைகளும் உண்டு. விண்டோஸில் ஓடும் பாஸ்டெல் என்ற கணக்கு மென்பொருளை ஓட்டுகிற சங்கம் என்றால் பொருளாளரின் கணினி விண்டோஸிலேயே இருக்கட்டும், அவரோடு சண்டை போட்டு யாரும் ஜெயித்ததில்லை. தமிழ்த் தட்டச்சுக்குத் தமிழ்99-உம் ஒலிபெயர்ப்பு முறையும் லினக்ஸில் இருக்கின்றன, அதில் குறையில்லை. பலர் கவனிக்காத உரிமச் சிக்கல் எழுத்துருவில் இருக்கிறது. லதா, விஜயா, நிர்மலா எல்லாம் விண்டோஸோடு உரிமம் பெற்று வருபவை. பழைய தேர்வுத்தாள் அச்சுப் பிசகாமல் வரவேண்டும் என்று அவற்றை லினக்ஸுக்குக் காப்பி அடித்தால், கீ வாங்காமல் தப்பித்த நல்ல பெயர் அங்கே போய்விடும். நோட்டோ தமிழ், லோஹித் தமிழ் இரண்டும் திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன. வரி கொஞ்சம் முன்பின் நகரும், பக்கத்தை ஒருமுறை சரிசெய்துகொள்ள வேண்டியதுதான்.

என் தேர்வு இப்படி: எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ என்றால் புரோவைச் சுத்தமாக நிறுவி 11-க்கு ஏறிவிடுங்கள். அதற்குக் கீழே என்றால், வீட்டில் 2026 அக்டோபர் வரை நீட்டிப்பு, வகுப்பறையில் இப்போதே மின்ட். பொருளாளருக்கு மட்டும் பணம் போட்டு நல்ல புதுப்பித்த கணினி ஒன்று வாங்கலாம். வாங்கும்போது விலைச்சீட்டில் 'விண்டோஸ் உரிமம் உட்பட' என்று எழுதி வாங்குங்கள், வாய்ப்பேச்சு போதாது. ரீடெயில் வாங்குவதற்கு நான் வாக்களிப்பது ஒரே இடத்தில்தான்: பாகம் பாகமாகக் கூட்டிய கணினி, மதர்போர்டு மாறக்கூடியது.

எந்த வழியானாலும் மைக்ரோசாஃப்ட் கணக்கைத் தொண்டர் ஒருவரின் சொந்த மின்னஞ்சலில் தொடங்காதீர்கள். டிஜிட்டல் உரிமமும் நீட்டிப்புத் திட்டமும் அந்தக் கணக்கோடுதான் பிணைகின்றன. அவர் ஜோஹன்னஸ்பர்க்கில் வேலை கிடைத்துப் போய்விட்டால், மதர்போர்டு மாற்றிய அன்று கடவுச்சொல்லுக்காக அவர் வீட்டு அக்காவுக்குத்தான் போன் போட வேண்டியிருக்கும். சங்கத்தின் பெயரில் ஒரு மின்னஞ்சல் தொடங்கி, கடவுச்சொல்லை உறையிலிட்டுச் செயலாளரின் பெட்டகத்தில் வையுங்கள். அதோடு விலைச்சீட்டையும் வையுங்கள்.