வெள்ளியாக மின்னியதை நம்பி ஏமாந்தேன்: டைட்டானியம் வெல்டிங் கற்க நினைப்பவர்களுக்கு

கடலூர், புதுச்சேரிப் பக்கத்தில் யாராவது டைட்டானியம் வெல்டிங் வகுப்புக்குப் பணம் கட்டப் போகிறீர்கள் என்றால், கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். இரண்டு நாள் வகுப்புக்கு 9,500 ரூபாய் கொடுத்தேன். உருகும் இடத்தைக் காற்றிலிருந்து காக்கும் ஆர்கான் வாயு சிலிண்டரையும், பற்றில் உருக்கிச் சேர்க்கும் பில்லர் கம்பியையும் அங்கேயே வாங்க வேண்டும் என்றார்கள், அதற்குத் தனியாகக் கொடுத்தேன். பணத்தைக்கூட மறந்துவிடலாம். அங்கே கற்றதை நம்பி நான் செய்த கைப்பிடி கடலில் உடைந்திருந்தால், என் மைத்துனன் ஓடும் படகிலிருந்து தண்ணீரில் விழுந்திருப்பான்.

திருப்பாதிரிப்புலியூரில் வீட்டுக்குப் பின்னால் எனக்கு ஒரு சிறு பட்டறை இருக்கிறது. டிக் வெல்டிங்கில் (ஆர்கான் வாயுவின் காப்பில், மின்பொறியால் உலோகத்தை உருக்கி இணைக்கும் முறை) எவர்சில்வர் கேட், கைப்பிடி வேலைகளை ஆறு வருடமாகச் செய்து வருகிறேன். மைத்துனன் தேவனாம்பட்டினத்தில் பைபர் படகு வைத்திருக்கிறான். அதில் நான் போட்டுக் கொடுத்த எவர்சில்வர் கைப்பிடிகள் பற்று வைத்த இடத்திலேயே, அதாவது வெல்டிங் செய்த இணைப்பிலேயே, துருக்கறை ஏறிப் பல்லிளித்தன. டைட்டானியத்தை உப்புத் தண்ணீர் தொடுவதில்லை. எடையும் இரும்பில் பாதியைவிடச் சற்றுதான் கூடுதல். வெட்டி மிஞ்சிய கிரேடு 2 (கலப்பில்லாத டைட்டானியம்) குழாய்த் துண்டுகள் கைக்கு வந்தபோது, முறையாகக் கற்றுக்கொண்டே தொட வேண்டும் என்று நினைத்தேன். அந்த எண்ணத்தில் தவறில்லை. போன இடம்தான் தவறு.

டைட்டானியத்தை உருக்குவது கடினமே இல்லை. காற்றிடமிருந்து காப்பாற்றுவதுதான் வேலை. ஏறக்குறைய 400 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாக இருக்கும்வரை அது காற்றிலுள்ள ஆக்சிஜனையும் நைட்ரஜனையும் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். உறிஞ்சிய இடம் கடினமாகி, நொறுங்கும் தன்மைக்குப் போய்விடும். ஆகவே மின்பொறியும் வாயுவும் வரும் டார்ச்சின் முன்னால் மட்டும் ஆர்கான் இருந்தால் போதாது. பற்றுக்குப் பின்னால் ஆறிக்கொண்டிருக்கும் பகுதியின் மீதும் இருக்க வேண்டும், குழாயின் உள்பக்கத்திலும் நிரம்பியிருக்க வேண்டும். பற்றின் நிறம் இதைக் காட்டிக்கொடுத்துவிடும். வெள்ளிபோல இருந்தால் நல்லது, வெளிர் வைக்கோல் நிறம் வரை ஏற்கலாம். நீலம் வந்தால் சந்தேகப்பட வேண்டும். சாம்பல் நிறமோ வெள்ளைத் தூளோ வந்தால் அந்தப் பற்றை வெட்டி எறிய வேண்டியதுதான்.

வகுப்பு புதுச்சேரியில் ஒரு தொழிற்பேட்டைக் கொட்டகையில் நடந்தது. நாங்கள் நான்கு பேர். மாஸ்டர் போட்ட முதல் பற்றே மயில் கழுத்து நிறத்தில் வந்தது. நான் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "நிறம் வந்தால் பயப்படாதீர்கள் தம்பி. மேலேயே இன்னொரு தடவை ஓட்டினால் வெள்ளியாகிவிடும்" என்று சொல்லி, அதன் மேலேயே மீண்டும் ஓட்டினார். வெள்ளியாகத்தான் வந்தது. நாங்கள் நால்வரும் வியந்து பார்த்தோம். எனக்கு இன்றும் ஆத்திரம் தீராத இடம் இதுதான்.

அந்த நீலம் என்பது மேலே படிந்த ஆக்சைடு ஏடு. அதைச் சுரண்டி எடுக்காமல் மேலேயே ஓட்டினால், ஏடு உருகிப் பற்றுக்குள் கரைந்துவிடுகிறது. ஆக்சிஜன் வெளியே போகவில்லை, உள்ளே போய்விட்டது. மேலே பார்த்தால் புதுப் பெண் போல மின்னும், உள்ளே கண்ணாடிபோல நொறுங்கும். முறையாகச் செய்பவர்கள் அடுத்த ஓட்டத்துக்கு முன் நிறத்தை முழுக்க நீக்குவார்கள். நீலத்தைத் தாண்டிப் போயிருந்தால் பற்றையே வெட்டி எடுத்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவார்கள். இவர் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது குறையை மறைக்கும் வித்தை. குழாய்க்குள் ஆர்கான் விட வேண்டாமா என்று இன்னொருவர் கேட்டதற்கு, "வீட்டு வேலைக்கு அதெல்லாம் எதற்கு?" என்றார். தலைக்கு மேலே மின்விசிறி வேறு சுற்றிக்கொண்டிருந்தது. டார்ச்சிலிருந்து வரும் வாயுவைக் கலைத்துவிட அந்தக் காற்று ஒன்றே போதும்.

ஊருக்கு வந்து மூன்று வாரம் பழகினேன். நிறம் வந்த இடத்திலெல்லாம் அவர் சொன்னபடி மறுபடி ஓட்டினேன். கைப்பிடி அழகாக வந்தது. கரையில் ஏற்றியிருந்த படகில் அதைப் பூட்டிவிட்டு, "நன்றாகத் தொங்கிப் பார்" என்றேன். மைத்துனன் இரண்டு கையாலும் பிடித்து உடம்பைப் பின்னால் சாய்த்தான். டக்கென்று ஒரு சத்தம். அவன் மணலில் உட்கார்ந்திருந்தான், கைப்பிடி அவன் கையில் இருந்தது. "என்ன மாமா, சட்டி உடைகிற மாதிரி உடைந்துவிட்டது?" என்றான். சட்டி மாதிரியேதான் உடைந்திருந்தது. கிரேடு 2 குழாய் நன்றாக வளைந்த பிறகுதான் உடைய வேண்டும். இது வளையவே இல்லை. பற்றின் ஓரத்தோடு ஒரே கோடாக முறிந்திருந்தது. உடைந்த வாயைத் திருப்பி உள்ளே பார்த்தேன். திருநீறு பூசியதுபோல உள்சுவர் முழுக்கச் சாம்பல் தூள். விரலால் தொட்டால் ஒட்டிக்கொண்டு வந்தது.

என் கை சரியில்லையா, வாயு சரியில்லையா என்று தெரிந்துகொள்ள ஒரு சோதனை செய்தேன். உங்களாலும் செய்ய முடியும். டைட்டானியத் துண்டு ஒன்றைப் புது எவர்சில்வர் பிரஷால் தேய்த்து, அசிட்டோனால் துடையுங்கள். இரும்பில் ஓட்டிய கிரைண்டர் சக்கரம் அதைத் தொடவே கூடாது. டார்ச்சை நேராகப் பிடித்துக் காசு அளவுக்கு ஒரு இடத்தை உருக்கி அணைத்துவிடுங்கள். அணைத்த பிறகு டார்ச்சை அசைக்காமல் அரை நிமிடம் வாயு ஓடட்டும். கம்பியும் இல்லை, கை நகர்வும் இல்லை. அந்தப் புள்ளியில் நிறம் வந்தால் குற்றம் வாயுவிலோ வாயுக் குழாய் இணைப்பிலோதான்.

அவர் கொடுத்த சிலிண்டரில் புள்ளி நீலமாகவும் ஓரம் சாம்பலாகவும் வந்தது. இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தேன், கசிவு இல்லை. ரப்பர் குழாயையும் மாற்றிப் பார்த்தேன். அதே நீலம். பிறகு 99.999 சதவீதத் தூய்மைச் சான்றும் பில்லும் கொடுக்கும் வேறொரு வியாபாரியிடம் சிலிண்டர் வாங்கி வந்து, அதே டார்ச், அதன் முனையில் அதே கப், அதே தகட்டில் வைத்தேன். புது எவர்சில்வர் டம்ளரின் அடிபோலப் பளிச்சென்று வந்தது. அந்த மனிதரிடம் இருந்ததே கெட்ட வாயு. அதனால்தான் அவர் பற்றும் நீலமானது, அதனால்தான் மறைக்கும் வித்தையும் தேவைப்பட்டது.

கம்பியையும் சந்தேகப்பட்டேன். தெரிந்த நகைக்கடையில் எடை போட்டேன். 2.4 மில்லிமீட்டர் தடிமனில் ஒரு மீட்டர் டைட்டானியக் கம்பி ஏறக்குறைய 20 கிராம் இருக்க வேண்டும், எவர்சில்வர் என்றால் 36 கிராம் வரை வரும். 20 கிராம்தான் இருந்தது. கம்பி டைட்டானியம்தான். அதில் அவர் ஏமாற்றவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

தொலைபேசியில் கேட்டபோது, "கடற்கரை ஊர் தம்பி, ஈரக் காற்று. அதனால்தான்" என்றார். நல்ல சிலிண்டரையும் என் அதே பட்டறையில், அதே மாலையில்தான் சோதித்தேன் என்றேன். இணைப்பைத் துண்டித்துவிட்டார். அதன்பின் எடுக்கவே இல்லை. சிலிண்டரைத் திருப்பி எடுக்கவும் ஆள் வரவில்லை. பில் என்று அவர் கொடுத்தது ஒரு துண்டுச் சீட்டு. அதில் தூய்மையும் இல்லை, சிலிண்டர் எண்ணும் இல்லை. அதை அன்றே கேட்காதது என் பிழை.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். விற்றவர் புதுச்சேரியில் இருக்கிறார், நாம் கடலூரில் இருக்கிறோம், அலைய வேண்டுமே என்று பலர் விட்டுவிடுகிறார்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, புகார் கொடுப்பவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். நாம் கொடுத்த பணம் ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக் கட்டணமும் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். அந்தத் துண்டுச் சீட்டையும், பணம் அனுப்பிய விவரத்தையும், உடைந்த கைப்பிடியையும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

வேறு வகுப்புக்குப் போகிறவர்கள் பணம் கட்டும் முன் ஒன்றைக் கேளுங்கள். அவர் போட்ட பற்று ஒன்றை உங்கள் கண்முன்னே வைஸில் பிடித்து வளைத்துக் காட்டச் சொல்லுங்கள். குழாய் என்றால் நெடுக்காக அறுத்து உள்பக்கத்தையும் காட்டச் சொல்லுங்கள். வேலை தெரிந்தவர் அதற்குத் தயங்க மாட்டார்.

என்னோடு அந்த வகுப்பில் இருந்தவர்களில் ஒரு இளைஞர், கல்லூரிக்குப் போகும் தங்கைக்கு டைட்டானியத்தில் சைக்கிள் பிரேம் செய்யப் போவதாகச் சொன்னார். அவர் எண்ணை நான் வாங்கி வைக்கவில்லை. தம்பி, இது உங்கள் கண்ணில் பட்டால் அந்தப் பிரேமில் யாரையும் ஏற்ற வேண்டாம். அதே கம்பியிலும் அதே சிலிண்டரிலும் போட்ட ஒரு துண்டை முதலில் வளைத்துப் பாருங்கள்.